கட்டுக்காரி காதில் விழுந்த சொல்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவளைக் கட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவோம். அவள் கட்டுப் போட்டால் எந்த நாயும் அதைக் கடித்துப் பிய்க்காது. பூனை வாலில் கட்டு நிற்காது, வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அவள் போட்டது மட்டும் எட்டாம் நாள் அவளே அவிழ்க்கிற வரை அப்படியே இருக்கும். பேர் வைத்தவர் டாக்டர். அவளுக்கும் அது பிடித்துப்போயிற்று. வீட்டில் வைத்த பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்கச் சற்று நேரம் ஆகும்.

நாய் ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் மூன்று அறை, அவ்வளவுதான். முன்னறையில் இரண்டு பெஞ்சு, ஒரு எடை மிஷின். நடு அறையில் எவர்சில்வர் மேசை, மருந்து அலமாரி, ஓரத்தில் பலகையடித்துக் கதவு வைத்த டாக்டர் அறை. பின்னறையில் ஆறு கூண்டு, ஒரு குழாய், ஒரு வடிகால். தரையும் கூண்டும் வடிகாலும் என் பொறுப்பு. மேசைக்கு மேலே நடப்பதெல்லாம் அவர்கள் இரண்டு பேர் பொறுப்பு.

டாக்டருக்கு அறுபது தாண்டிவிட்டது. நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். வாயிலிருந்து சொல் வெளியே வருவதற்குள் கால் அடுத்த அறைக்குப் போய்விடும். அவர் பேச்சில் இன்னொரு பழக்கம் உண்டு. நாமெல்லாம் ‘போடு’ என்று சொல்கிற இடத்தில் அவர் ‘இடு’ என்பார். களிம்பு இடு, கட்டு இடு, ஊசி இடு. அவர் படித்த பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ என்னவோ. நானும் கட்டுக்காரியும் பின்னறையில் நின்று, “அக்கா, பூட்டு இட்டாச்சா?” “இட்டாச்சு தங்கச்சி, இனிமேல் டீ இடு” என்று பேசிச் சிரிப்போம்.

அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அம்மாவும் தம்பியும் அவளுமாக இரண்டு தெரு தள்ளி மாடியில் இருந்தார்கள். தம்பி பஸ் ஓட்டுகிறான். கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், “மாப்பிள்ளைக்கு நாலு கால் இருந்தா சொல்லுங்க, பார்க்கிறேன்” என்பாள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். கட்டுக்காரிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் கால்நடை டாக்டருக்குப் படிக்க வேண்டும்.

அதற்கு நேராகப் போய்ச் சேர்ந்துவிட முடியாதாம். மனுப் போடுவதற்கு முன்னாலேயே படித்துத் தேறியிருக்க வேண்டிய பாடங்கள் என்று கல்லூரிக்காரர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். உயிரியல், இயற்பியல், புள்ளியியல், மரபியல், கரிம வேதியியல், பொது வேதியியல் என்று ஆறு. அதற்கு மேல், பிராணிகளோடு ஆயிரம் மணி நேரம் வேலை பார்த்திருக்கிறாள் என்று ஒரு டாக்டர் தன் கைப்பட எழுதி, அவரே நேராகக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கடிதத்தை மனுப் போடுகிறவர் கையில் கொடுக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு. தேறி ஆறு வருஷம் தாண்டிய பாடம் செல்லாது. கடைசிப் பாடத்தைத் தேறுவதற்குள் முதல் பாடம் காலாவதி ஆகிவிட்டால், மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடுகிற மாதிரி தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப முதலிலிருந்து.

அவள் அந்தப் பட்டியலை எழுதி மருந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தாள். பாடத்தின் பேர் ஒரு கட்டத்தில், பக்கத்துக் கட்டத்தின் தலைப்பில் ‘முடித்தது’. ஒன்று தேறியதும் அங்கே ஒரு டிக். ஐந்து மணிக்கு இங்கே கை கழுவிவிட்டு, ஐந்தரைக்கு மாலைக் கல்லூரியில் இருப்பாள். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் நோட்டை என் கையில் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்வாள். நான் படித்தது ஐந்தாவது வரை. எழுத்துக் கூட்டி ‘ஐ-சோ-மர்’ என்று வாசிப்பேன். அவள் கடகடவென்று பதில் சொல்வாள். சரியா தப்பா என்று எனக்கெங்கே தெரியும்? அவள் முகத்தைப் பார்த்து, “சரிதான்” என்பேன். “அக்கா மாதிரி ஒரு வாத்தியார் அமைஞ்சா எல்லாரும் பாஸ்தான்” என்பாள்.

ஐந்து டிக் விழுந்துவிட்டது. பொது வேதியியலை அவள் முன்பே தபால்வழியில் படித்திருந்தாள். அது போதும் என்று எண்ணியிருந்தாள். கல்லூரியிலிருந்து பதில் வந்தது: அந்தப் படிப்பில் செய்முறை இல்லை, ஆகையால் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே கடைசியாக அந்த ஒன்று மட்டும், செய்முறையோடு, மறுபடியும் படிக்க வேண்டியதாயிற்று. உயிரியல் காலாவதி ஆவதற்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. தாராளமான காலம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அந்தச் சமயத்தில்தான் பூட்டுக்காரருடைய நாய் வந்தது.

அவர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பெட்டிக்கடை அளவு இடத்தில் பூட்டு ரிப்பேர் செய்து, சாவி வெட்டிக் கொடுப்பவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. செம்பட்டை நிறத்தில் ஒரு பெட்டை நாய். அதைப் ‘பொண்ணு’ என்றுதான் கூப்பிடுவார். அன்று காலை பதினோரு மணி இருக்கும். வேன் அடித்து, வயிறு கிழிந்து, சாக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் சட்டை முழுக்க ரத்தம். “பொண்ணு, பொண்ணு” என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை இல்லை.

அவரை முன்னறையில் உட்கார வைத்துவிட்டு டாக்டர் மயக்க மருந்து கொடுத்துத் திறந்தார். உள்ளே ரத்தம் நிற்கவில்லை. பிழைப்பது கஷ்டம் என்று சொன்னவர், எதற்கும் கடைசி ஊசியை எடுத்து வைத்துக்கொள் என்றார். வலி தாங்காமல் சாகக் கிடக்கும் பிராணிக்குப் போடுகிற ஊசி அது. மற்ற மருந்தோடு மாறிவிடக் கூடாது என்று கம்பெனிக்காரர்களே அதற்கு ரோஸ் நிறம் கலந்துவிடுவார்கள். கட்டுக்காரி பெரிய ஊசியில் எடுத்துத் தட்டில் வைத்தாள். ஆனால் டாக்டர் கை அன்று ஓயவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ரத்தம் ஒருவாறு கட்டுக்குள் வந்தது. உள்தையல் போட ஆரம்பித்தார்.

நான் அப்போது மேசைக்கு அடியில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண் அலறினாள். அவள் பூனைக்குத் தொண்டையில் எலும்பு சிக்கி மூச்சு நின்றுகொண்டிருந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். கதவைத் தாண்டும்போது தலையை மட்டும் திருப்பி, “அதை முடிச்சிடு” என்றார்.

கட்டுக்காரி தட்டைப் பார்த்தாள். தட்டில் நூல் கோத்த ஊசியும் இருந்தது, ரோஸ் ஊசியும் இருந்தது. உள்தையலில் முடிச்சுப் போட அவளை அவர் அதுவரை ஒரு நாளும் விட்டதில்லை. அதனால் அந்த நினைப்பே அவளுக்கு வரவில்லை. டாக்டர் கைவிட்டுவிட்டார், இனிமேல் இழுக்க வேண்டாம் என்கிறார் என்றுதான் எண்ணினாள். ஒரு கையை நாயின் நெற்றியில் வைத்துக்கொண்டு மற்ற கையால் ஊசியைப் போட்டாள். நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

பூனையைப் பிழைக்க வைத்துவிட்டு டாக்டர் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தார். காலி ஊசியைப் பார்த்தார்.

“என்ன செஞ்ச?”

“நீங்கதானே சார் முடிச்சிடுன்னு சொன்னீங்க.”

“முடிச்சு இடுன்னு சொன்னேன். தையல்ல முடிச்சு இடுன்னு.”

 குழாய் சொட்டுகிற சத்தம் பின்னறையிலிருந்து கேட்டது. கடைசியில் டாக்டர்தான் முன்னறைக்குப் போனார். ரத்தம் நிறையப் போய்விட்டது, எங்களால் ஆனதைச் செய்தோம் என்று சொன்னது என் காதில் விழுந்தது. பூட்டுக்காரர் உள்ளே வந்து நாயின் காதைத் தடவினார். பிறகு கட்டுக்காரியைப் பார்த்துக் கும்பிட்டார். “கடைசி வரைக்கும் அவ தலையில கை வச்சிருந்தியாம்மா. அது போதும்” என்றார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நன்றி மறக்காத மனிதர் அவர். அடுத்த செவ்வாய்க்கிழமை எண்ணெய்க் கிண்ணியோடு வந்து ஆறு கூண்டின் தாழ்ப்பாளையும் சரிசெய்து கொடுத்தார். அதற்கடுத்த செவ்வாயும் வந்தார். வாரம் தவறாமல் வந்தார். தாழ்ப்பாள்களை இழுத்துப் பார்ப்பார், எண்ணெய் விடுவார், போகும்போது, “படிப்பு எப்படிம்மா போகுது? நீ டாக்டராகி வந்தா ஊருக்கே நல்லது” என்று வாழ்த்திவிட்டுப் போவார். ஒவ்வொரு செவ்வாயும் கட்டுக்காரி அவரைப் பார்த்துச் சிரிப்பாள். அவர் போனதும் பின்னறைக் குழாயில் கையைக் கழுவுவாள். தோல் வெளுத்துப்போகிற வரைக்கும் கழுவுவாள்.

அந்த நாளிலிருந்து அவள் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. நான் முதலில் கவனிக்கவில்லை. பட்டியலில் ‘முடித்தது’ என்ற தலைப்பை அடித்துவிட்டு ‘ஆனது’ என்று எழுதியிருந்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஒரு நாள் அந்தச் சொல்லை விட்டுப் பேசிப் பாருங்கள், அது எத்தனை இடத்தில் நிற்கிறது என்று தெரியும். வேலை முடிஞ்சுதா, முடி வெட்டணும், என்னால முடியல, உன்னால முடியும். ஒன்றும் அவள் வாயில் வராது. தம்பிக்கு விஷயம் தெரியாது. “நான் சலூனுக்குப் போறேன்னா அக்கா ‘தலையை வெட்டிட்டு வா’ங்கிறா. பயமா இருக்கு” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

மூன்றாம் நம்பர் கூண்டில்தான் அன்று உயிர் போன அந்த நாயைக் கொஞ்ச நேரம் கிடத்தியிருந்தோம். அதற்குப் பிறகு அந்தக் கூண்டில் பிராணி இல்லாத நாட்களில் கூட, காலையில் யாரோ கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருப்பார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் அதை எடுத்து வடிகாலில் ஊற்றுவேன், அவளும் கேட்டதில்லை. ஒரு நாள் ஊற்ற எடுத்தபோது கிண்ணத்தில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. வெயில் காலம் என்று சொல்லிக்கொண்டேன். கடவுள் பேரைச் சொல்லிக்கொண்டே தரையைத் துடைத்தேன்.

மத்தியானம் இரண்டு மணி வாக்கில், தெருவில் சந்தடி அடங்கியிருக்கும் நேரத்தில், அவள் கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்ப்பாள். “நகச் சத்தம் கேக்குதா அக்கா? தரையில நடக்கிற மாதிரி.” நாலு நாய் இருக்கிற இடத்தில் நகச் சத்தம் கேட்காமல் என்ன செய்யும்? அப்படித்தான் நானும் சொன்னேன். “இருக்கிற நாலும் படுத்திருக்கு அக்கா” என்றாள்.

இத்தனைக்கும் நடுவில் படிப்பு போய்க்கொண்டுதான் இருந்தது. எழுத்துப் பரீட்சை தேறிவிட்டாள். செய்முறைதான் வினையாயிற்று. என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று அவள் எனக்கு விளக்கியிருக்கிறாள். நீளக் கண்ணாடிக் குழாயில் ஒரு மருந்து. கீழே குடுவையில் இன்னொன்று. குழாயின் திருகைத் திறந்து ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். குடுவைத் தண்ணீர் நிறமில்லாமல் இருக்கும். கணக்குச் சரியாக வருகிற இடத்தில், ஒரே ஒரு சொட்டில், அது ரோஸ் நிறமாகும். அங்கே நிறுத்தி அளவைக் குறிக்க வேண்டும். அந்த இடத்துக்குப் புத்தகத்தில் என்ன பேர் தெரியுமா அக்கா என்று கேட்டாள். நோட்டைத் திருப்பிக் காட்டினாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். முடிவுநிலை.

முதல் தடவை, கடைசிச் சொட்டுக்கு முன் அவள் கை திருகிலேயே நின்றுவிட்டது. பரீட்சைக்கு வந்த ஆசிரியை, “விடுங்க, நேரம் ஆகுது” என்றிருக்கிறார். கை அசையவில்லை. பூஜ்யம் போட்டுவிட்டார்கள். இரண்டாம் தடவை நானும் கூடப் போனேன். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து கடவுளை வேண்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து வந்தவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஒரு சொட்டு விட்டாளாம். ரோஸ் வந்ததாம். வந்த உடனே குடுவையைக் கழுவுத் தொட்டியில் ஊற்றிவிட்டாளாம். அளவைக் குறிக்கவேயில்லை.

“தண்ணி நிறம் மாறுச்சு, அவ்வளவுதானே தங்கச்சி” என்றேன்.

“எனக்குத் தெரியும் அக்கா. என் கைக்குத் தெரியல.”

மனுப் போடக் கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்றரை மாதம். செய்முறைக்கு இன்னும் ஒரே ஒரு தடவைதான் உண்டு. அதில் போனால் உயிரியல் காலாவதி. உயிரியல் போனால் அதை நம்பி எழுதிய மரபியலையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆறு வருஷ மாலைகளும் வடிகாலில் போன மாதிரிதான். தம்பி விஷயம் தெரியாமல் கத்தினானாம், ஐந்து மலையைத் தாண்டினவளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீரைத் தாண்டத் தெரியவில்லையா என்று.

ஒரு நாள் சாயங்காலம் அவள் டாக்டர் அறைக்குப் போய் நின்றாள். நான் ஜன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். பல நாள் மனசில் வைத்திருந்ததை அன்றுதான் கேட்டாள். “சார், அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்க?”

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நிறைய நேரம் அதைத் துடைத்தார்.

“முடிச்சு இடுன்னுதான்மா சொல்லியிருப்பேன்.”

அவள் வெளியே வந்து என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. “சொன்னேன்னு சொல்லல அக்கா. சொல்லியிருப்பேன்னு சொல்றார். அவருக்கே தெரியல.” பிறகு என் முகத்தையே பார்த்தாள். “நீங்க மேசைக்கு அடியில இருந்தீங்களே. உங்க காதுல எப்படி விழுந்துச்சு?”

ஒரு வருஷத்துக்கு மேலாக என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்கக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டதும் உண்டு. பொய் சொல்வதென்றாலும் அவள் மனசுக்கு எது ஆறுதலாக இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. உள்ளதைச் சொன்னேன். உனக்கு எப்படிக் கேட்டதோ எனக்கும் அப்படித்தான் கேட்டது, நாய் போய்விடப் போகிறதே என்று துடைக்கிற துணியை நிறுத்தி வேண்டிக்கொண்டேன் என்றேன்.

அவள் அழவில்லை. “அப்ப நாம ரெண்டு பேரும் இருந்தும் ஒருத்தர்கூடத் திரும்பக் கேக்கல” என்றாள்.

செய்முறைப் பரீட்சை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். அன்று காலை பூட்டுக்காரர் எங்களிடம் வருவதற்கு முன் நாங்கள் அவரிடம் போனோம். துணைக்கு வருகிறீர்களா அக்கா என்று அவள்தான் கேட்டாள். பூட்டுக்காரர் ஒரு சாவியை இடுக்கியில் வைத்து அரம் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உட்காரச் சொல்லி முக்காலியைத் துடைத்தார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். என்ன சொல் காதில் விழுந்தது, எதைக் கையில் எடுத்தாள், டாக்டர் திரும்பி வந்து என்ன சொன்னார், எதையும் மறைக்கவில்லை. டாக்டர் மேல் பழியும் போடவில்லை.

அவர் அரத்தை நிறுத்தவில்லை. சாவியின் பல் முழுவதும் தேய்ந்து போய்க்கொண்டிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

“வலிச்சுதா அவளுக்கு?”

“இல்ல. மயக்கத்துலதான் இருந்தா.”

“தச்சிருந்தா பிழைச்சிருப்பாளா?”

“தெரியாதுங்க. பிழைச்சும் இருக்கலாம்.”

அரம் நின்றது. எதிரே ஒரு பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவர் மெதுவாகத்தான் பேசினார்.

“வாரா வாரம் வந்து உனக்கு நன்றி சொன்னேனேம்மா. அதையெல்லாம் நான் எப்படித் திரும்ப வாங்குவேன்?”

  மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை என்றாள், பிறகு. தேய்ந்த சாவியைக் குப்பையில் போட்டுவிட்டு அவர் இன்னொன்றை எடுத்து இடுக்கியில் வைத்தார். நாங்கள் வந்துவிட்டோம்.

அங்கிருந்து நேராகப் பரீட்சைக்குப் போனாள். நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டேன். நாலு மணிக்கு வந்தாள். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. அலமாரியைத் திறந்து ஆறாவது கட்டத்தில் டிக் போட்டாள்.

“நிறம் வந்துச்சு அக்கா. அளவைக் குறிச்சிட்டேன். சரியா இருக்குன்னு அந்த டீச்சர் கையெழுத்துப் போட்டாங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ரோஸ் வந்தப்போ அவளும் வந்தா. காலுக்குப் பக்கத்துல நின்னுட்டிருந்தா. நான் குனிஞ்சு பாக்கல.”

அந்தச் செவ்வாய் பூட்டுக்காரர் வரவில்லை. மறுநாள் வந்தார். எண்ணெய்க் கிண்ணி கையில் இல்லை. டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சத்தமெல்லாம் எழவில்லை. ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்து யாரையும் பார்க்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

டாக்டர் அவளைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. “சொல்லிட்ட. சரி” என்றார், அவ்வளவுதான். ஆனால் அவர் அனுப்ப வேண்டிய கடிதம் போகவில்லை. மனுவும் ஆறு பாடச் சான்றிதழும் வந்து சேர்ந்துவிட்டன, டாக்டர் கடிதம் மட்டும் பாக்கி என்று கல்லூரியிலிருந்து இரண்டு தடவை தகவல் வந்தது. அவள் ஒரு தடவை ஞாபகப்படுத்தினாள். பார்க்கலாம் என்றார். நாட்கள் போயின. நாற்பது வருஷமாக அந்தத் தெருவில் சம்பாதித்த நல்ல பேர் அவருக்கு. அவர் சொன்ன பொய்யை அவள் உடைத்துவிட்டாள். அவளுக்காக அவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? அவர் பக்கத்தையும் நான் யோசித்துப் பார்த்தேன்.

கடைசித் தேதி ஒரு வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை மத்தியானம் கட்டுக்காரி ஒரு கிழட்டு நாய்க்குக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கட்டு வழுக்கியதை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.  அவிழ்த்துத் திரும்பச் சுற்றினாள். அதுவும் வழுக்கியது.

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு டாக்டர் அறைக்குப் போனேன். கால் ஈரத்தோடு உள்ளே போனதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது.

“சார், அன்னைக்கு நீங்க சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. எனக்கும் அந்த நாயைப் போக விடச் சொன்ன மாதிரிதான் கேட்டுது. அவ மேல மட்டும் தப்பு இல்ல சார்.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “நீ அங்க இருந்தியா?”

“தரை துடைச்சிட்டிருந்தேன் சார்.”

“உன்னை நான் பாக்கவே இல்லையேம்மா” என்றார். அதைச் சொன்ன பிறகு அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.  நான் வந்து வாளியை எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகும் அவர் அறையில் இருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் போய்க் கல்லூரிக்கு ஒரு கடிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னார். ஒரு பிரதியை என்னிடம் கொடுத்து, “அவகிட்ட குடுக்கக் கூடாதாம். நீ படிச்சுக்கோ” என்றார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆயிரம் அல்ல, ஒன்பதாயிரம் மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறாள் என்று எழுதியிருந்தார். கடைசியில் நாலு வரி இருந்தது. ஒரு நாய் பிழைத்திருக்கலாம், பிழைக்காமல் போனது. நான் அவசரத்தில் சொன்ன ஒரு சொல்லை இவள் வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். அந்த நாயின் சொந்தக்காரரிடம் நான் உண்மையை மறைத்தேன், இவள் போய்ச் சொன்னாள். இதையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

அதைப் படித்துவிட்டு அவர்கள் சும்மா இருப்பார்களா? நேரில் வரச் சொன்னார்கள். மற்றவர்களுக்குக் கால் மணி நேரம், இவளுக்கு முக்கால் மணி நேரம். நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நாயின் வயது கேட்டார்கள், மருந்தின் அளவு கேட்டார்கள், அதன் பேர் கேட்டார்கள். பொண்ணு என்றிருக்கிறாள். ஒருவர் அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டாராம். இனிமேல் பெரிய டாக்டர் ஒருவர் இந்த மாதிரி அவசரத்தில் ஏதாவது சொல்லிவிட்டுப் போனால் என்ன செய்வாய் என்று கேட்டார்களாம்.

“திரும்பக் கேப்பேன்னு சொன்னேன் அக்கா. அவங்க ஓடிட்டிருந்தாங்கன்னா? பின்னாடியே ஓடிக் கேப்பேன்னு சொன்னேன். கோவப்பட்டா? படட்டும்னு சொன்னேன்.”

இரண்டு வாரத்தில் இடம் கிடைத்துவிட்டதென்று தகவல் வந்தது. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தம்பி அவன் பஸ்ஸில் வந்த பாதிப் பேரிடம் சொல்லிவிட்டான். அவள் கிளம்பிப் போய் இப்போது ஏழு மாதம் ஆகிறது. அவளுக்கும், பூட்டுக்காரருக்கும், டாக்டருக்கும், போன அந்த ஜீவனுக்கும் சேர்த்துத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். யாரை முதலில் சொல்வது என்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

அந்த நேர்காணலைப் பற்றி அவள் கடைசியாகச் சொன்னது இன்னொன்று. எல்லாம் கேட்டு ஆனதும் நடுவில் இருந்தவர் காகிதங்களை அடுக்கிக்கொண்டே, “சரி, முடிஞ்சுது” என்றாராம். இவள் எழுந்திருக்கவில்லை. மற்ற இரண்டு பேரும் இவளைப் பார்த்தார்களாம். இவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, “எது சார்?” என்று கேட்டாளாம்.

“பேட்டிதான்மா” என்றாராம் அவர். மூன்று பேரும் சிரித்தார்களாம்.

அதற்குப் பிறகுதான் இவள் எழுந்தாளாம்.